பின்வாசல் பாடம்: மேடையில் பாடியவர்கள், பாடச் சொல்லிக்கொடுத்தவர்கள்



இரவு ஒன்பது மணி. ஓர் இளம்பெண் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். முன்வாசல் வழியாகப் போக அவளுக்கு அனுமதியில்லை. பின்வாசலால் நுழைந்து மாடியில் உள்ள பின்னறைக்குப் போக வேண்டும். ஒன்பதே முக்காலுக்குள் பாடம் முடிந்துவிடும். தனக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. ஆசிரியை வெள்ளைக்காரப் பெண்மணி. அவரிடம் படித்தவர்களில் கறுப்பினப் பெண் இவள் ஒருத்திதான். பன்னிரண்டு வகுப்புகள் இப்படி நடந்தன. ஊர், அமெரிக்காவின் சின்சினாட்டி. காலம், அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பிறகான 1860களின் பிற்பகுதி. அந்தப் பெண்ணின் பெயர் எல்லா ஷெப்பர்ட்.

பின்வாசல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பின்வாசலில் கற்ற பெண் பிற்பாடு என்ன செய்தாள் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் பாடியதை நம்மில் பலர் கேட்டிருக்கிறோம். அவரிடம் பாடக் கற்றவர்கள் இந்த அரங்கிலேயே பதினைந்து பேராவது இருப்பார்கள். சனிக்கிழமை இரவு ஏதோ ஒரு ஊர்க் கூட்டத்தில் பாடிவிட்டு, ஞாயிறு காலையில் சேரிப் பிள்ளைகளை உட்காரவைத்து, மூச்சை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். பாடியதற்கு நாம் பொன்னாடை போர்த்தினோம். சொல்லிக்கொடுத்ததற்கு அதுவும் இல்லை. கேட்டால், "அண்ணனுக்கு அது பிறவியிலேயே வந்தது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். அந்த "பிறவியிலேயே" என்ற சொல்தான் இந்த உரையின் பொருள். அதைப் பேச அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறோம். 1946இல் அம்பேத்கர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாய் இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்குத் தலித் பேந்தர் என்று பெயர் வைத்தார்கள். எனவே அந்த வரலாறு நமக்கு அந்நியமல்ல.

முதலில் ஒரு விளக்கம். பாட்டு சொல்லிக்கொடுப்பவர் ஏன் பெரும்பாலும் பாடகராகவே இருக்கிறார்? தவிலோ வயலினோ என்றால் விரலையும் கையையும் ஆசிரியர் கண்ணால் பார்த்துத் திருத்தலாம். குரலுக்கு அது முடியாது. கருவி தொண்டைக்குள் இருக்கிறது. குரல்வளையில் இரண்டு சிறிய தசை மடிப்புகள். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிரவைக்கிறது. பெண்கள் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு ஏறத்தாழ 200 முறை அதிரும். உச்ச சுருதியில் பாடும்போது அது பல மடங்கு கூடும். அந்த அதிர்வு தொண்டையிலும் வாயிலும் எதிரொலித்துத்தான் நாம் கேட்கும் குரலாகிறது. பாடுகிறவர் தன் குரலைக் காற்றின் வழியாக மட்டுமல்ல, தன் எலும்பு வழியாகவும் கேட்கிறார். ஆகவே அவர் கேட்பது வேறு, சபை கேட்பது வேறு. இதனால்தான் வெளியிலிருந்து கேட்கும் ஒரு காது வேண்டியிருக்கிறது. அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் தானும் அதே தசைகளைப் பழக்கி, களைத்து, கெடுத்து, மீட்டவராக இருந்தால், "இப்படி இல்லை, இப்படி" என்று பாடிக்காட்ட முடியும்.

ஐரோப்பியச் செவ்வியல் இசையில் இந்த மரபு பழையது. மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியர் மேடையில் நிலைக்க முடியாமல் குரல் கெட்டு ஆசிரியரானவர். 1854இல் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே பாய்ச்சி, தன் குரல்நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1841இல், ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அளவுக்கு மீறிப் பாடித் தொண்டை கெட்டு அவரிடம் வந்திருந்தார். சில வாரங்கள் பாடவே கூடாது என்றார் கார்சியா. பிறகு அடிப்படையிலிருந்து பயிற்சி. லிண்ட் மீண்டார், உலகப்புகழ் பெற்றார், 1850இல் அமெரிக்கா வந்து பெரும்பணம் ஈட்டினார். கடைசிக் காலத்தில் லண்டன் ராயல் இசைக் கல்லூரியில் அவரும் பேராசிரியை ஆனார். நல்ல கதைதான். ஆனால் அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் இன்னொரு குரல் இருந்தது.

எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்ட், மிசிசிப்பி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர். லிண்ட்டை ஸ்வீடன் குயில் என்று அழைத்த பத்திரிகைகள் இவரைக் கறுப்பு அன்னம் என்று அழைத்தன. லிண்ட்டுக்குக் கார்சியா கிடைத்தார். கிரீன்ஃபீல்ட் பெரும்பாலும் தானாகவே கற்க வேண்டியிருந்தது. பிறகு விமர்சகர்கள் என்ன எழுதினார்கள்? இயற்கையான அபூர்வக் குரல், ஆனால் பயிற்சி போதாது என்று. கதவை அடைத்தவர்களே, உள்ளே வந்து ஏன் கற்கவில்லை என்று கேட்டார்கள். 1853இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஹாலில் அவர் பாடியபோது கறுப்பர்கள் உள்ளே வரக்கூடாது என்று விதித்தார்கள். அவர் தம் மக்களிடம் வருத்தம் தெரிவித்து, கறுப்பின முதியோர், அனாதைக் குழந்தைகள் இல்லங்களுக்காகத் தனியே ஒரு கச்சேரி செய்து கொடுத்தார். 1854இல் விக்டோரியா அரசியின் முன் பாடினார். திரும்பி வந்தபின் ஃபிலடெல்ஃபியாவில் பாட்டு சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

தனக்கு மறுக்கப்பட்ட ஆசிரியர் பதவியில் தானே அமர்ந்தார் என்பதை நாம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தாமஸ் பவர்ஸ். கறுப்பர்களைப் பிரித்து உட்காரவைக்கும் சபையில் பாடமாட்டேன் என்று நின்றவர் அவர். கனடாவின் ஹாமில்டன் நகரில், முன்வரிசைக்குச் சீட்டு வாங்கிய கறுப்பர்களை உள்ளே விடாதவரை வாய் திறக்க மறுத்தார். குரு எந்த மேடையில் விட்டுக்கொடுத்து வருந்தினாரோ, அந்த மாதிரி மேடையில் சீடர் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டு வகுப்பில் சுருதி மட்டும்தான் கைமாறுகிறது என்று எண்ண வேண்டாம்.

"இயற்கையான குரல்" என்ற பாராட்டு இன்றும் ஓயவில்லை. கறுப்பினக் குரலைக் கேட்டவுடன் அடையாளம் காணமுடியும் என்று நம்பும் இசை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீனா சுன் ஐட்ஷைம் என்ற ஆய்வாளர் 2019இல் வெளிவந்த தம் நூலில் இதை எடுத்து ஆராய்கிறார். குரலின் நிறம் என்று நாம் கேட்பது உடலில் பிறந்தது அல்ல, பழக்கத்திலும் பயிற்சியிலும் கேட்பவரின் எதிர்பார்ப்பிலும் உருவாவது என்பதே அவர் வாதம். சமூகவியல் மாணவர்கள் இதை நம் பக்கம் திருப்பிப் பார்க்கலாம். "அவங்களுக்குத் தாளம் ரத்தத்திலேயே இருக்கு" என்று சொல்லும்போது என்ன நடக்கிறது? உழைப்பு மறைகிறது, ஆசிரியர் மறைகிறார். ரத்தத்தில் வந்ததற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. பிறப்பால் தொழிலை ஒதுக்குகிற அதே சிந்தனைதான் பாராட்டு வேடம் போட்டு வருகிறது.

எல்லா ஷெப்பர்டிடம் திரும்புவோம். அப்பா காசு கொடுத்து மீட்ட குழந்தை அவர். அம்மா அடிமையாகவே இருந்தார். அப்பா இறந்ததும் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்து, ஆறு டாலர் சேமித்துக்கொண்டு நாஷ்வில்லில் இருந்த ஃபிஸ்க் கல்விக்கூடத்துக்கு வந்தார். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக நடந்த அந்தப் பள்ளி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. அங்கே மாணவியாக இருந்துகொண்டே இசை ஆசிரியையாகவும் ஆனார். 1871 அக்டோபரில் பள்ளிக்கு நிதி திரட்ட ஒன்பது மாணவர்கள் பாடக் கிளம்பினார்கள். ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ் என்று பெயர். தலைவர் ஜார்ஜ் ஒயிட் என்ற வெள்ளைக்காரர், பள்ளியின் பொருளாளர். பியானோ வாசித்தவரும் பாடகர்களைப் பழக்கியவரும் ஷெப்பர்ட். ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,50,000 டாலர் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது.

இதில் நாம் அதிகம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தொடக்கத்தில் அந்த மாணவர்கள் அடிமைக்காலத்துப் பாடல்களை மேடையில் பாடவில்லை. வெள்ளையர்கள் ரசிக்கும் பாடல்களைத்தான் பாடினார்கள். அடிமைப் பாடல்கள் இருண்ட காலத்தை நினைவூட்டுபவை, பெற்றோர்கள் புனிதமாகப் போற்றியவை, அந்நியர் முன் பாடத் தகாதவை என்று அவர்கள் தயங்கியதை ஷெப்பர்டே எழுதியிருக்கிறார். நம் இயக்கத்தில் பறையைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்று நடந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். சாவுக்கு அடித்த மேளத்தை எடுக்காதே என்றவர்களும் நம்மவர்கள்தான். எடுத்து விடுதலை மேடையில் வை என்றவர்களும் நம்மவர்கள்தான். ஃபிஸ்க் மாணவர்கள் ஒரு தீர்வு கண்டார்கள். அடிமைப் பாடலைப் பயிற்சிக்கு உட்படுத்தினார்கள். எந்தச் சொல்லில் குரலைத் தாழ்த்துவது, எங்கே ஒன்றாக மூச்செடுப்பது என்று மணிக்கணக்கில் பழகினார்கள். சத்தம்போட்டுப் பாடுவதைவிட மெல்லப் பாடுவதற்கே அதிக மூச்சுக்கட்டு வேண்டும். அதைத்தான் அதிகம் பழகினார்கள். அப்படிப் பாடியபோது, இது காட்டு இயல்பு என்று சொல்ல வந்தவர்கள் கேட்டது பயின்ற கலையை.

அடுத்து எம்மா அசேலியா ஹாக்லி. 1867இல் டென்னசியில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்த சோப்ரானோ. பாரிசுக்குப் போய் புகழ்பெற்ற பாடகர் ஜான் டி ரெஸ்கேயிடம் பயின்றவர். வெளுத்த நிறம், வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். மறுத்தார். கச்சேரிக்காரியாகவே இருந்திருக்கலாம், அதையும் மெல்ல மெல்ல விட்டார். கறுப்பர் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டி, மேடையிலிருந்தே மூச்சுப் பயிற்சியும் குரல் பயிற்சியும் நடத்தினார். கச்சேரி பார்க்க வந்தவர்கள் பாதிக் கச்சேரியில் தாங்களே பாடகர் குழு ஆகிவிடுவார்கள். வேலைக்காரப் பெண்ணும் சுமைதூக்கும் தொழிலாளியும் தங்கள் பாட்டன்மார் பாடலைச் சேர்ந்து பாடினார்கள். 1912இல் சிகாகோவில் குரல் பயிற்சிப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். இளம் இசைக்கலைஞர்களை ஐரோப்பாவுக்கு அனுப்ப நிதி திரட்டினார். 1921இல் சான் டியேகோவில் மேடையிலேயே மயங்கி விழுந்தார். மறு ஆண்டு இறந்தார்.

ஹாக்லியைத் தெய்வமாக்க நாங்கள் விரும்பவில்லை. 1916இல் கறுப்பினப் பெண்களுக்காக அவர் வெளியிட்ட நூல், எப்படி நடப்பது, எப்படி உடுப்பது, எப்படி அடங்கிப் பேசுவது என்றெல்லாம் உபதேசிக்கிறது. மேல்தட்டு நாகரிகத்தை ஏழைகளுக்குப் போதிக்கும் அந்தக் குரலை நாம் நன்றாக அறிவோம், எம். என். சீனிவாஸ் சமஸ்கிருதமயமாதல் என்றதன் அமெரிக்க உறவினர் அது. நல்ல குரல் என்றால் ஐரோப்பியக் குரல்தான் என்று அவர் எண்ணினாரா என்றும் கேட்கலாம். ஆனாலும், குரல் பழகக்கூடியது, யாரும் பழகலாம் என்று ஊர் ஊராகப் போய்க் காட்டியவர் அவர். அது சிறிய காரியமல்ல.

மரியன் ஆண்டர்சன் பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபிலடெல்ஃபியாவில் இசைப்பள்ளி ஒன்றில் விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்ற சிறுமியிடம், நிறத்தவர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அவருக்கு முதலில் முறையாகப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர் அதே நகரத்தின் கறுப்பினப் பாடகி மேரி சாண்டர்ஸ் பாட்டர்சன். பிறகு பெரிய ஆசிரியரிடம் போக, தேவாலயத்து மக்கள் காசு சேர்த்துச் சம்பளம் கட்டினார்கள். 1939இல் வாஷிங்டனில் அரங்கம் மறுக்கப்பட்டு, லிங்கன் நினைவிடத்தில் 75,000 பேர் முன் பாடியவர் அவர். மெட்ரோபாலிடன் ஓப்பராவில் பாட 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வயது 57. 1957இல் இந்தியாவுக்கும் வந்து பாடினார். இந்தச் சரித்திரத்தில் பாட்டர்சனின் பெயர் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை. பாட்டு ஆசிரியர்களின் கதி எங்கும் இதுதான் போலும்.

இனி நம் விவாதத்துக்கு நேராக வருகிற ஆள், டாட் டங்கன். 1903இல் கென்டக்கியில் பிறந்தவர். 1930 முதல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் குரலிசை கற்பித்தார். 1935இல் ஜார்ஜ் கெர்ஷ்வின் தம் 'போர்கி அண்ட் பெஸ்' ஓப்பராவின் நாயகனாக அவரைத் தேர்ந்தெடுத்தார். நியூயார்க்கில் நடந்த பிறகு 1936இல் அந்த ஓப்பரா வாஷிங்டனின் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. அங்கே கறுப்பர்களுக்கு அனுமதியில்லை. மேடையில் நிற்பவர்கள் கறுப்பர்கள். கதை கறுப்பர்களின் கதை. பார்க்க மட்டும் வரக்கூடாது! டங்கனின் சொந்த மாணவர்களும் சக ஆசிரியர்களும் அதே நகரத்தில் இருந்தார்கள். டங்கனும் நாயகி ஆன் பிரவுனும் பாடமாட்டோம் என்றார்கள். குறிப்பிட்ட சில காட்சிகளுக்கு மட்டும் அனுமதிக்கிறோம் என்று நிர்வாகம் இறங்கி வந்தது. அதற்கும் மறுத்தார்கள். கடைசியில் எல்லா இருக்கையும் எல்லோருக்கும் என்று கதவு திறந்தது, அந்த ஓப்பரா நடந்த நாட்களுக்கு மட்டும். பிறகு அந்த அரங்கம் பழையபடி ஆனது. 1948இல் கறுப்பர்களை அனுமதிப்பதைவிட நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்று முடிவெடுத்தது. 1952இல்தான் எல்லோருக்கும் திறந்தது.

டங்கனால் எப்படி மறுக்க முடிந்தது? துணிச்சல் என்று சொல்லி முடித்துவிடலாம். எங்களுக்கு அது போதவில்லை. மேடை போனால் திரும்பிப்போக அவருக்கு ஒரு வகுப்பறை இருந்தது. மாதச் சம்பளம் இருந்தது. கச்சேரிக் கூலியை மட்டும் நம்பும் கலைஞருக்கு இல்லை என்று சொல்லும் உரிமை விலையுயர்ந்த பொருள். வெள்ளையினப் பாடகர் பலருக்கு ஆசிரியப் பணி மேடைக்குப் பிறகான இரண்டாம் வருமானம். கறுப்பினப் பாடகர்களுக்கு, ஓப்பரா அரங்குகள் மூடிக்கிடந்த காலம் முழுக்க, அதுவே முதல் வருமானம், அதுவே முதுகெலும்பும். 1945இல் நியூயார்க் சிட்டி ஓப்பராவில் பாடிய முதல் கறுப்பர் ஆனார் டங்கன். அதன்பின் உலகெங்கும் பாடினார். வாஷிங்டன் வீட்டில் பாடமும் நடத்தினார். 95 வயதில், 1998இல் இறந்தார்.

ஆன் பிரவுன் கதை இன்னொரு மாதிரி. பால்டிமோரின் பீபாடி இசைக் கல்லூரி அவரை நிறம் காரணமாகச் சேர்க்கவில்லை. நியூயார்க்கின் ஜூலியார்டில் படித்தார். அமெரிக்க நிறவெறி பொறுக்காமல் 1948இல் நார்வேயில் குடியேறினார். ஆஸ்துமா அவர் மேடையை முடித்தது. பாட்டு ஆசிரியையாகப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 1998இல் அதே பீபாடி அவருக்குப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்துக்குக் குறையில்லை, ஏறத்தாழ எழுபதாண்டு தாமதத்தைத் தவிர.

இதே ஓட்டத்தில் மேரி கார்ட்வெல் டாசன் பிட்ஸ்பர்க்கில் தன் இசைப்பள்ளி மாணவர்களை வைத்துக்கொண்டே 1941இல் தேசிய நீக்ரோ ஓப்பரா கம்பெனியைத் தொடங்கினார். மேடை தராவிட்டால் மேடையையே கட்டுவது அவர் வழி. ஜார்ஜ் ஷர்லி டெட்ராய்ட் உயர்நிலைப் பள்ளிகளில் முதல் கறுப்பின இசை ஆசிரியராக இருந்து, 1961இல் மெட்ரோபாலிடன் ஓப்பராவில் நாயக வேடங்கள் ஏற்ற முதல் கறுப்பின டெனராகி, பின்பு மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராக வகுப்பறைக்கே திரும்பினார். கமிலா வில்லியம்ஸ் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கி, 1946இல் நியூயார்க் சிட்டி ஓப்பராவில் நாயகியாகப் பாடியவர். 1963 ஆகஸ்ட் 28 வாஷிங்டன் பேரணியில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய அதே மேடையில், தேசிய கீதம் பாடியவர். 1977இல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பினக் குரலிசைப் பேராசிரியை ஆனார். சின்சினாட்டியின் பின்னறையிலிருந்து அந்த நாற்காலிக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இப்போது நம் கணக்கைப் பார்ப்போம். நம் இயக்க மேடைப் பாடகர்கள் நாற்பது வயதைத் தாண்டுவதற்குள் குரல் கம்மிப்போவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? திறந்தவெளி, கெட்டுப்போன மைக் செட், இரவு பத்து மணிக்குமேல் ஆறேழு பாட்டு, மறுநாள் வேறு ஊர். குரல்நாண்கள் திரும்பத் திரும்ப ஓங்கி மோதினால், மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல அவற்றிலும் சிறு முடிச்சு விழுகிறது. ஓய்வும் முறையான குரல் பயிற்சியும் கிடைத்தால் ஆரம்பத்திலேயே பெரும்பாலும் சரியாகும். யார் ஓய்வு கொடுத்தோம்? "அண்ணே, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சீட்டு அனுப்பியவர்கள் நாம்தான். கடைசி இரண்டு ஆண்டுகள் அண்ணன் பேசினாலே காற்றுதான் வந்தது. அப்போதும் ஞாயிறு வகுப்பை நிறுத்தவில்லை. சைகையாலும் சுருதிப் பெட்டியாலும் நடத்தினார். பாடமுடியாதவர் ஆசிரியராக இருக்கமுடியும் என்பதை நாங்கள் அவரிடம்தான் பார்த்தோம்.

அவர் இறந்தபின் மன்றத்தின் பழைய கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தோம். மேடை வாடகை, பந்தல், மைக் செட், துண்டறிக்கை, தேநீர், விருந்தினர் பயணப்படி, பொன்னாடை எல்லாம் வரி வரியாக இருக்கிறது. பாட்டு ஆசிரியர் சம்பளம் என்று ஒரு வரியும் இல்லை. பாடகர் கூலி என்றும் இல்லை. "தோழர்தானே" என்ற ஒரு சொல்லில் அத்தனையையும் அடக்கியிருக்கிறோம். ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தவருக்கு மேல்சாதிக்காரன் கூலி தராமல் அனுப்பினால் அது சுரண்டல் என்று மேடையேறிப் பேசியவர்கள் நாம்.

செயற்குழு கூடி விவாதித்தது. இயக்கப் பணிக்குக் காசா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வியை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. சம்பளம் வந்தால் கலைஞர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம் அதில் இருந்தது. டங்கனின் கதையை அங்கேயும் சொன்னோம். முடிவு இது: வரும் மாதம் முதல் ஞாயிறு பாட்டு வகுப்பை அண்ணனிடம் படித்த இரண்டு பெண்கள் நடத்துவார்கள். இருவரும் மேடையிலும் பாடுகிறவர்கள். வகுப்புக்கு மாதச் சம்பளம், மேடைக்குத் தனிக் கூலி. ஒரு நிகழ்ச்சியில் நான்கு பாட்டுக்கு மேல் கேட்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் பரிசோதனை, செலவு மன்றத்துடையது. வகுப்பு காலை பத்து மணிக்கு, மன்றக் கட்டடத்தின் முன்கூடத்தில் நடக்கும். பிள்ளைகளை அனுப்ப விரும்புகிறவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் வாசலில் உள்ள மேசையில் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.